விளிம்பு விரலுக்குப் பழகும்வரை

வட்டை எறிந்து, சங்கிலி தொங்கும் கூடையில் விழவைக்கும் ஆட்டமான டிஸ்க் கோல்ஃப் ஆடத் தொடங்கிய முதல் இரண்டு ஆண்டுகளும், பட்டர் என்பது கூடைக்கு அருகில் நின்று சங்கிலியை நோக்கி மெல்லப் போடுவதற்கான வட்டு என்றே நம்பியிருந்தேன். எறிதல் தொடங்கும் இடமான டீயில் தூரம் போகும் வட்டான டிரைவர், நடுவழியில் நடுத்தூர வட்டான மிட்ரேஞ்ச், கூடையருகே பட்டர். யாரும் இதை விதியாகச் சொல்லவில்லை. பெயர்கள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

அந்த நம்பிக்கை உடைந்தது டீயிலிருந்து கூடைவரை 72 மீட்டர் நீளமுள்ள ஒரு குறுகலான வழியில். இருபுறமும் மரங்கள், நடுவே நான்கு மீட்டர் அகலத்துக்கு மேல் இடைவெளி கிடையாது. நான் வழக்கம்போல் வேக எண் 9 கொண்ட (எண் கூடக் கூட, வட்டுக்கு ஏற்ற வேகமும் கூடும்) டிரைவரை எடுத்து எறிந்தேன். பாதித் தூரம் நேராகப் போய், தன் இயல்புப்படி இடப்பக்கம் வளைந்து, ஒரு மரத்தில் மோதி விழுந்தது. எனக்குப் பின் எறிய வந்தவர் என்னைவிடப் பல ஆண்டுகள் மூத்த ஆட்டக்காரர். பையிலிருந்து ஒரு பட்டரை எடுத்தார். ஓட்டம் ஏதும் இல்லை, நிதானமாக மூன்று அடிகள் மட்டும். வட்டு தலையுயரத்துக்குச் சற்று மேலே, இழுத்துக் கட்டிய கயிற்றின் மேல் வழுக்கிப் போவதுபோல் போய், கூடைக்கு ஐந்து மீட்டர் முன்னால் அமர்ந்தது.

"அண்ணா, அது பட்டர்தானே?" என்று கேட்டேன்.

"பட்டர்தான் தம்பி. 72 மீட்டருக்கு வேறு எது வேண்டும்?" என்றார்.

என் பையிலும் பட்டர் இருந்தது. அவர் அனுமதியோடு அதே டீயிலிருந்து ஒன்றை எறிந்து பார்த்தேன். கையை விட்டதுமே வட்டு தள்ளாடியது. 30 மீட்டர் போவதற்குள் வலப்பக்கம் கவிழ்ந்து புதருக்குள் புகுந்தது. அவர் இன்னொரு வட்டை என் கையில் கொடுத்து, "எப்படிப் பிடித்தாய், காட்டு" என்றார். காட்டினேன். விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, "டிரைவரைப் பிடிப்பதுபோலவே இதையும் பிடித்திருக்கிறாய். இந்த விளிம்பு அந்த விளிம்பு இல்லை" என்றார். அந்த ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொள்ள எனக்கு ஏழெட்டு மாதங்கள் ஆயின. அதில் கற்றதை எழுதத்தான் இந்தப் பகிர்வு. நான் வலக்கையால் பேக்ஹேண்ட், அதாவது கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய்ப் புறங்கை முன்னே வர, எறிபவன். இடக்கைக்காரர்கள் கீழே வரும் இடம் வலங்களை மாற்றிப் படித்துக்கொள்ள வேண்டும்.

முதலில் அந்த விளிம்பைப் பற்றி. தூர டிரைவரின் விளிம்பு அகலமானது; சிலவற்றில் இரண்டரை சென்டிமீட்டரை நெருங்கும். ஆழம் குறைவு. விரல்களை மடக்கினால் விரலின் சதைப்பகுதி விளிம்பின் அடிப்பரப்பில் நன்றாகப் படியும். நுனிகள் உட்சுவரில் கொக்கிபோல் மாட்டிக்கொள்ளும். பட்டரின் விளிம்போ ஒரு சென்டிமீட்டர் அளவுக்கே அகலம் உடையது, ஆனால் ஆழமானது. நான்கு விரல்களையும் அதே கொக்கியாக மடக்கினால் இடம் போதாது. விரல்கள் தேவைக்கு மேல் சுருண்டு, நகங்கள் வட்டின் அடித்தகட்டைக் குத்தும். பிடி இறுக்கமாக இருப்பதுபோல் தோன்றும். உண்மையில் வட்டைத் தாங்குவது விரல் நுனிகளின் ஓரம் மட்டுமே. நான் செய்துகொண்டிருந்தது இதைத்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பட்டரால் டிரைவ் எறிவது ஏதோ புது வித்தை என்ற எண்ணம் எனக்கு இருந்தது. நடந்தது நேர்மாறானது. கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தர டிஸ்க் கோல்ஃப் களம் அமைந்தது 1975இல். அதை அமைத்த எட் ஹெட்ரிக்தான் சங்கிலி தொங்கும் கூடையையும் உருவாக்கினார்; தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கத்தை 1976இல் தொடங்கியவரும் அவரே. விளிம்பைச் சாய்வாகச் சீவி, காற்றைக் கிழிக்கும்படி செய்த முதல் வட்டு, இன்னோவா நிறுவனத்தின் ஈகிள், 1983இல்தான் வந்தது. அதுவரை ஆடியவர்கள் எல்லோரும் டீயிலிருந்தும் மொண்ணை விளிம்பு வட்டுகளையே எறிந்தார்கள். கூர்விளிம்பு டிரைவர்தான் பின்னால் வந்து சேர்ந்தது. இதை அறிந்தபின் பட்டரைக் கையில் எடுக்கும்போது இருந்த தயக்கம் எனக்குப் போய்விட்டது.

பட்டர் ஏன் அப்படித் தள்ளாடியது, ஏன் வலப்பக்கம் கவிழ்ந்தது? வட்டு தன் வடிவத்துக்கு ஏற்ற வேகத்தைவிட அதிகமாகப் போகும்போது, காற்று அதைத் தூக்கும் விசையின் மையம் வட்டின் நடுப்புள்ளிக்குப் பின்னால் நகர்கிறது. மூக்கு, அதாவது முன்னோரம், கீழே அழுந்தப் பார்க்கிறது. ஆனால் சுழலும் பொருளை ஓரிடத்தில் அழுத்தினால், விளைவு கால் சுற்று தள்ளித்தான் தெரியும். வலக்கை பேக்ஹேண்டில் வட்டு மேலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுற்றுவதால், அந்த அழுத்தம் வலப்பக்கச் சாய்வாக மாறுகிறது. வேகம் குறையும்போது விசையின் மையம் முன்னால் வந்து, இடப்பக்கச் சாய்வு தோன்றுகிறது. ஏவியார் என்ற பழம்பெரும் பட்டரின் பறத்தல் எண்கள் 2, 3, 0, 1. வேகம், மிதப்பு, வலச்சாய்வு, முடிவில் இடவளைவு என்ற வரிசை இது. மூன்றாவது எண் பூச்சியமாக இருப்பதால் அது என்றும் வலப்பக்கம் சாயாது என்று நினைத்திருந்தேன். அந்தப் பூச்சியம் வேகம் 2க்கு உரிய பூச்சியம். டிரைவருக்குக் கொடுக்கும் வேகத்தைக் கொடுத்தால் அதுவும் சாயும். தள்ளாட்டமும் சேர்ந்தால் கவிழ்ந்தே போகும்.

டிரைவரும் தள்ளாடத்தான் செய்கிறது. ஆனால் அதன் எடையில் பெரும்பங்கு அகன்ற விளிம்பில் இருக்கிறது. முடிவில் இடப்பக்கம் திரும்பும் இயல்பும் வலுவானது. கையிலிருந்து கோணலாகப் புறப்பட்டாலும் வழியில் ஓரளவு சரியாகிவிடும். இரண்டு ஆண்டுகளாக என் எறிதலில் இருந்த குறையை என் டிரைவர்களே மறைத்துக்கொண்டிருந்தன என்பதை, பட்டரை எறியத் தொடங்கிய பிறகே அறிந்தேன்.

பிடிக்கு வருகிறேன். அடுத்த சில வாரங்களில் நான் மூன்று பிடிகளைக் கடந்தேன். முதலாவது, ஏற்கெனவே சொன்ன நான்கு விரல் கொக்கி. அதை பவர் கிரிப் என்பார்கள். அதில் எனக்கு வந்த பிழை, வட்டு கையைவிட்டுத் தாமதமாகக் கழல்வது. சுருண்ட விரல்கள் ஆழமான விளிம்புக்குள் சிக்கிக்கொள்ளும், கை இலக்கைத் தாண்டிப் போன பிறகே வட்டு புறப்படும், வலப்பக்கம் பாயும். வெறுத்துப்போய் மறுகோடிக்குச் சென்றேன். சுட்டுவிரலைத் தவிர மற்ற விரல்களை அடித்தகட்டில் விசிறிபோல் விரித்துப் பிடிக்கும் ஃபேன் கிரிப். கோணம் உடனே சீரானது. 40 மீட்டர்வரை அழகாகப் போனது. அதற்கு மேல் வேகம் கொடுத்தால் வட்டு நேரத்துக்கு முன்பே நழுவி இடப்பக்கம் போயிற்று. இந்தப் பிடியில் 70, 80 மீட்டர் எறிபவர்கள் இருக்கிறார்கள்; அவர்கள் விரல்களின் வலு வேறு. என் கைக்கு அது குறைந்த தூரத்துக்கான பிடி.

மூன்றாவதுதான் நிலைத்தது. அது இரண்டுக்கும் நடுவில் இருப்பது. வட்டை இடக்கையில் தட்டையாக ஏந்திக்கொண்டு, வலக்கையை அதனிடம் கொண்டு செல்வேன். விளிம்பின் வெளிப்பக்கம், கட்டைவிரல் மேட்டை ஒட்டி உள்ளங்கையில் ஓடும் மடிப்பில் பொருந்த வேண்டும். விரல்களின் அடியில் மட்டும் வட்டு ஒட்டிக்கொண்டிருந்து, உள்ளங்கைக்கும் விளிம்புக்கும் இடையில் வெளிச்சம் தெரிந்தால் பிடி சரியில்லை. பிறகு சுட்டுவிரல். அது முழுதாக மடங்கி, அதன் நடுக்கணு விளிம்பின் அடியில் உறுதியாகப் படியும். நுனிச்சதை உட்சுவரை அழுத்தும். நடுவிரல் அதன் பக்கத்திலேயே, அதேபோல. மோதிரவிரல் பாதி மடங்கி, நுனியால் உட்சுவரைத் தொட்டுக்கொண்டு நிற்கும். சுண்டுவிரல் அடித்தகட்டின்மேல் தளர்வாகக் கிடக்கும். வேலை செய்வது முதல் இரண்டு விரல்கள், மூன்றாவது துணை, நான்காவது வட்டின் சாய்வை உணர மட்டும்.

கட்டைவிரலில்தான் எனக்கு மிக அதிகக் காலம் பிடித்தது. டிரைவரில் கட்டைவிரலை விளிம்பின் மேலேயே நீட்டி வைத்துப் பழகியிருந்தேன். பட்டரில் அப்படி வைத்தால் குறுகலான விளிம்பிலிருந்து விரல் வெளிப்பக்கம் சறுக்குகிறது. வெகுவாக உள்ளே தள்ளி, மேல்தகட்டின் மென்மையான பகுதியில் அழுத்தினாலோ, தகடு உள்வாங்கி, கழலும் கணத்தில் வட்டு ஒரு பக்கம் எகிறுகிறது. ஓரத்திலிருந்து ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் உள்ளே, விளிம்பு தகட்டோடு சேரும் தோள்பகுதிக்கு அருகில், சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் நேர் மேலே கட்டைவிரலின் சதை படிய வேண்டும். மேலிருந்து கட்டைவிரலும் கீழிருந்து சுட்டுவிரலும் விளிம்பை இடுக்கிபோல் கவ்வும் இடம் அது. அந்த ஒரு புள்ளி கிடைத்துவிட்டால் மற்ற விரல்கள் தாமாகவே தம் இடத்தைத் தேடிக்கொள்கின்றன என்பது என் அனுபவம்.

புள்ளி ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் அமைய, வட்டின் மேல் அழியாத மையால் ஒரு சிறு குறி வைத்தேன். தடிமன் சேர்க்காத மைக்குறி விதிகளுக்கு உட்பட்டதே. இரண்டு மாதங்களுக்குப் பிறகு குறி தேவைப்படவில்லை.

பிடி சரியா என்று வீட்டிலேயே சோதிக்க ஒரு வழி இருக்கிறது. வலக்கையில் வட்டைப் பிடித்துக்கொண்டு, அதன் எதிர் ஓரத்தை இடக்கையால் முன்னோக்கிச் சுழற்றி இழுத்துப் பாருங்கள். வட்டு சுட்டுவிரலை அச்சாகக் கொண்டு திரும்பி, கடைசிக் கணத்தில் சொடுக்கென்று பிடுங்கிக்கொண்டு வர வேண்டும். சுண்டுவிரலோ உள்ளங்கையோ தடுத்தால் அந்த இடத்தில் வேண்டாத அழுத்தம் இருக்கிறது. எந்த எதிர்ப்பும் இல்லாமல் வழுக்கி வந்தால் இடுக்கி தளர்ந்திருக்கிறது. இந்தச் சோதனையை நான் இன்றும் ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் நான்கைந்து முறை செய்கிறேன்.

எவ்வளவு இறுக்கமாகப் பிடிப்பது என்பதில் ஆட்டக்காரர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே இறுக்கம் வேண்டும் என்பவர்கள் உண்டு. நான் அதை முயன்று விட்டுவிட்டேன். விரல்களை மடக்கும் தசைநார்கள் மணிக்கட்டைக் கடந்துதான் முன்கைக்குச் செல்கின்றன. நான்கு விரல்களும் முழு வலுவோடு இறுகினால் மணிக்கட்டும் சேர்ந்து விறைத்துவிடும். விறைத்த மணிக்கட்டால் சுழற்சி கொடுக்க முடியாது. பட்டருக்கு வேகத்தைவிடச் சுழற்சி முக்கியம். ஆகவே கையைப் பின்னால் நீட்டும்போது வட்டு விழாத அளவுக்குப் பிடிக்கிறேன். வட்டு மார்புக்கு முன்னால் வரும் கணத்தில் கட்டைவிரலும் சுட்டுவிரலும் மட்டும் இறுகுகின்றன. விரல்களைத் திறந்து வட்டை விடுவதே இல்லை. அது தன் வேகத்தால் தானே பிடுங்கிக்கொண்டு போக வேண்டும். திறந்து விட்டால் தள்ளாட்டம் நிச்சயம். என் ஆரம்பகாலத் தள்ளாட்டத்தில் பாதி இதனால் வந்தது.

மீதிப் பாதி மணிக்கட்டால் வந்தது. வட்டின் மூக்கு மேல்நோக்கி இருந்தால் பட்டர் காற்றில் ஏறி, நின்று, இடப்பக்கம் தொய்ந்து விழும். 50 மீட்டருக்கு மேல் போகாத பட்டர்களில் பெரும்பாலானவற்றின் நோய் இதுதான், வலுக்குறைவு இல்லை. கைகுலுக்க நீட்டுவதுபோல் கையை நீட்டி, கட்டைவிரல் பக்கமாக மணிக்கட்டைச் சற்று மேலே தூக்கிப் பாருங்கள். வட்டும் மேலே தூக்கும். இப்போது சுத்தியலால் ஆணியை அடித்து முடித்த நிலைக்கு மணிக்கட்டைத் தாழ்த்துங்கள். வட்டின் தளம் முன்கையோடு ஒரே கோட்டில் வரும். எறியும்போது இந்த நிலை கலையக் கூடாது. டிரைவரில் நான் இதைச் சரியாகச் செய்கிறேன் என்று நினைத்திருந்தேன். கைபேசியை முக்காலியில் வைத்து, எனக்குப் பின்னாலிருந்து மெதுவோட்டக் காணொளி எடுத்துப் பார்த்தபோது, ஒவ்வொரு எறியிலும் கழலுவதற்கு முன் மணிக்கட்டு மேலே எகிறுவது தெளிவாகத் தெரிந்தது. விளிம்பை உள்ளங்கை மடிப்பில் ஆழ அமர்த்தியதும் அந்த எகிறல் பெருமளவு நின்றது. பிடியும் மணிக்கட்டும் தனித்தனிப் பாடங்கள் இல்லை என்று அன்று புரிந்தது.

பிடி அமைந்த பிறகு உடலுக்கு வந்தேன். இந்த வரிசை தற்செயலாக அமைந்தது. ஆனால் புதிதாகத் தொடங்குபவருக்கும் இதையே சொல்வேன். ஓட்டமும் அடிவைப்பும் சேர்ந்தால் எந்தப் பிழை எங்கிருந்து வருகிறது என்று பிரித்தறிய முடியாது. முதல் ஆறு வாரங்கள் நின்ற இடத்திலிருந்தே எறிந்தேன். அதிலும் முதல் வாரம் முழுவதும் 20 மீட்டர்தான். வட்டைக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் மட்டும் பிடித்து, மார்புக்கு முன்னாலிருந்து முழங்கையை மட்டும் விரித்து எறிவேன். இரண்டு விரல்களால் எறிந்த வட்டு ஆடாமல் போனால், கழலும் இடம் சரியாக இருக்கிறது என்று பொருள். பிறகு நடுவிரலைச் சேர்த்தேன், பிறகு மோதிரவிரலை. ஒவ்வொரு விரலும் சேரும்போது எறியில் என்ன மாறுகிறது என்பதை அப்போதுதான் உணர முடிந்தது. ஒரே வகைப் பட்டர் நான்கை வாங்கி வைத்துக்கொண்டேன். நான்கையும் எறிந்துவிட்டு நடந்து சென்று பொறுக்கும் நேரமே யோசிக்கும் நேரம்.

நின்று எறியும்போது முன்காலில் எடை இறங்கிய பிறகே கை வர வேண்டும். முன்கால் தரையில் ஊன்றுகிறது, இடுப்பு திரும்புகிறது, தோள் தொடர்கிறது, முழங்கை முன்னே வருகிறது, கடைசியில் வட்டு. டிரைவரில் கையை முந்தவிட்டாலும் 80 மீட்டர் போய்விடும். பட்டரில் கை முந்தினால் வட்டு மார்பிலிருந்து விலகி வளைவாகச் சுற்றிவரும். கழலும் இடம் ஒவ்வொரு முறையும் மாறும். வட்டை மார்பை ஒட்டி நேர்கோட்டில் இழுத்து வருவதற்கு எனக்கு உதவியது வேகத்தைக் குறைப்பதே. முழு வலுவில் அறுபது விழுக்காடு என்று மனத்தில் ஓர் அளவு வைத்துக்கொண்டேன். அதற்கு மேல் போனால் அந்த எறியைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இந்த அளவை ஒருமுறை மீறினேன். நின்ற எறியில் 60 மீட்டர் எட்டியதும், மூன்றடி வைத்து 90 மீட்டரைத் தொட்டுவிட வேண்டும் என்ற வேகம் வந்தது. ஒரு மாலை முழுவதும் முழு பலத்தோடு எறிந்தேன். மறுநாள் முழங்கையின் உட்புறம் வலித்தது. மூன்று வாரங்கள் எறியவே முடியவில்லை. பட்டரின் தடித்த விளிம்புக்குக் காற்றின் எதிர்ப்பு அதிகம். கூடுதல் வலுவில் பெரும்பங்கை அது விழுங்கிவிடும். கடைசிப் பத்து மீட்டருக்காக உடல் கொடுக்கும் விலை மிக அதிகம். திரும்பி வந்தபின் மூன்றடியைச் சேர்த்தேன்; ஆனால் வேகத்துக்காக இல்லை, எடை பின்காலிலிருந்து முன்காலுக்கு இயல்பாக மாறுவதற்காக. இப்போது சாதாரணமாக 75 மீட்டர், நல்ல நாளில் 80. தொழில்முறை ஆட்டக்காரர்கள் பட்டரால் 100 மீட்டரைத் தாண்டுகிறார்கள். எனக்கு 75க்குள் விழ வேண்டிய இடத்தில் விழுவதே போதும்.

நிதான அடிக்கு இன்னொரு பயனும் உண்டு. வட்டு கையைவிட்டுப் புறப்படும் கணத்தில் ஒரு கால் டீ மேடையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். மேடைக்கு வெளியே எதுவும் ஊன்றியிருக்கக் கூடாது. எறிந்து முடித்தபின் முன்னே அடி வைப்பதில் தவறில்லை. வேகமாக ஓடிவந்த காலத்தில் என் முன்கால் மேடையின் ஓரத்தில் எங்கே விழும் என்று எனக்கே தெரியாது. இப்போது ஓர் அடி மிச்சமிருக்கிறது.

நேராக எறிவதற்கு வட்டைத் தட்டையாகவே விட வேண்டும் என்பதும் நான் திருத்திக்கொண்ட ஒரு கருத்து. வெளியோரம் சற்றே தாழ்ந்த ஹைசர் கோணத்தில் விட்டால், வேகம் இருக்கும் முதல் பகுதியில் பட்டர் மெல்ல நிமிர்ந்து தட்டையாகி, நெடுந்தூரம் நேராகப் போய், முடிவில் சிறிதே இடப்பக்கம் இறங்குகிறது. தாழ்வு ஐந்தாறு பாகை போதும். தட்டையாக விட்டால் என் வேகத்தில் அது வலப்பக்கம் சாயத் தொடங்கிவிடுகிறது. அந்த 72 மீட்டர் வழியில் நான் எறிவது இப்போது இந்தச் சிறு ஹைசரைத்தான். இடுப்பிலிருந்து முன்னே குனிந்தால் கோணம் தானாக வரும். கையை மட்டும் தாழ்த்தினால் மணிக்கட்டின் நிலை மறுபடி கலைந்துவிடும்.

எந்தப் பட்டர் என்ற கேள்வியை எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். எனக்கு அது கடைசிக் கேள்வி. ஆனாலும் சில வேறுபாடுகள் கைக்கு உடனே தெரியும். சில பட்டர்களின் விளிம்பின் கீழோரத்தில் மணிபோன்ற ஒரு வளையம் ஓடும். அது சுட்டுவிரலுக்கு ஒரு பிடிமானம் தருகிறது. சிலருக்கோ விரலைத் தடுக்கிறது. எனக்கு வளையம் இல்லாததே உகந்தது. அதனால் ஏவியாரின் வளையமற்ற வடிவத்தில் தொடங்கி, பிறகு ஆக்ஸியம் நிறுவனத்தின் என்விக்கு வந்தேன். அதன் எண்கள் 3, 3, -1, 2. முடிவில் சற்றுக் கூடுதலாக இடப்பக்கம் இறங்கும் என்பதால் டீயிலிருந்து எறிய நம்பிக்கை தருகிறது. எடையில் 170 கிராமுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்கிறேன். விதிப்படி விட்டத்தின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 8.3 கிராம்தான் அனுமதி. 21.2 சென்டிமீட்டர் விட்டமுள்ள பட்டருக்கு அது 176 கிராமை ஒட்டி வருகிறது. கடையில் காணும் பட்டர்களில் பலவும் 173 முதல் 175 கிராமுக்குள் இருப்பதன் காரணம் இதுவே.

பிளாஸ்டிக் விஷயத்தில் ஒரு தவறு செய்தேன். கூடையில் போடும் அதே மென்பிளாஸ்டிக் பட்டரையே டீயிலிருந்தும் எறிந்தேன். இரண்டு மாதங்களில் மரங்களில் மோதி விளிம்பு தழும்பேறி, வட்டு முன்னைவிட எளிதாக வலப்பக்கம் கவிழ ஆரம்பித்தது. கூடையருகே அதை நம்ப முடியாமல் போயிற்று. இப்போது எறிவதற்கு உறுதியான பிளாஸ்டிக்கில் இரண்டு, கூடைக்கு மென்பிளாஸ்டிக்கில் இரண்டு. ஒன்றின் வேலையை மற்றொன்றுக்குக் கொடுப்பதில்லை. தேய்ந்துபோன பழையதைக் குப்பையில் போடவில்லை. வலப்பக்கம் வளைந்து போக வேண்டிய வழிகளில் அது இன்று என் பையின் மிகப் பயனுள்ள வட்டு.

உள்ளங்கை முன்னே வர எறியும் ஃபோர்ஹேண்டில் பட்டரை எறிவதை அதிகம் பரிந்துரைக்க மாட்டேன். அந்த எறியில் சுழற்சி குறைவாகவும் விசை திடீரென்றும் வருவதால் தள்ளாட்டம் இன்னும் கூடுகிறது. தேவைப்பட்டால் டிஸ்கிராஃப்ட் ஸோன் போன்ற, 4, 3, 0, 3 எண்களுடைய, விளிம்பு தாழ்ந்த வட்டைப் பயன்படுத்துகிறேன்.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. எதிர்க்காற்றில் வட்டு உணரும் வேகம் கூடுகிறது. ஆகவே வலப்பக்கச் சாய்வும் கூடுகிறது. மூக்கு சிறிது தூக்கியிருந்தாலும் காற்று அதை ஏந்தித் தூக்கிவிடும். பலமான எதிர்க்காற்றில் நான் டீயிலிருந்து பட்டரை எடுப்பதே இல்லை. மெல்லிய எதிர்க்காற்றில் ஹைசரைக் கூட்டி, உயரத்தைக் குறைத்து, வலுவையும் குறைக்கிறேன். வலுவைக் குறைப்பது மனத்துக்கு ஒவ்வாதது. காற்று எதிர்த்தால் இன்னும் பலமாக எறியத்தான் கை துடிக்கும். பின்காற்றில் வட்டு மிதக்காமல் சீக்கிரம் இறங்கி, இடப்பக்க வளைவும் முன்கூட்டியே வரும். அங்கே தட்டையாக, கொஞ்சம் உயரமாக எறியலாம். மழைநாளில் பையில் இரண்டு துண்டுகள், ஒன்று வட்டுக்கு, ஒன்று கைக்கு. டிரைவரின் அகன்ற விளிம்பு ஈரத்தில் ஓரளவு தாங்கும். பட்டரின் இடுக்கிப் பிடி ஒரு துளி நீரிலும் நழுவும்.

இந்தப் பயிற்சியால் டிரைவர் எறிதலும் மாறியது. அதே 80 மீட்டர் டிரைவர் இப்போது 95 எட்டுகிறது. கூடுதலாக எந்த வலுவும் கொடுக்கவில்லை. மூக்கு தாழ்ந்ததும் தள்ளாட்டம் நின்றதும்தான் வேறுபாடு. ஆனால் டிரைவருக்கு நான் பழைய நான்கு விரல் பிடியையே வைத்திருக்கிறேன். அந்த விளிம்பு அதைத்தான் கேட்கிறது. ஒரு சுற்றில் இரண்டு பிடிகளுக்கும் மாறி மாறிப் போவதால் குழப்பம் வராதா என்று கேட்கிறார்கள். டீயில் நிற்கும்போது வட்டை இடக்கையில் ஏந்தி, வலக்கையை அதன்மேல் கொண்டு செல்லும் அந்த இரண்டு நொடிகளில் விரல்கள் தாமாக முடிவெடுக்கின்றன.

இன்னும் வசப்படாதது அன்ஹைசர். உள்ளோரத்தைத் தாழ்த்தி, பட்டரை வலப்பக்கம் நீண்ட வளைவில் அனுப்பும் எறி அது. அந்தக் கோணத்தில் என் சுண்டுவிரல் மறுபடி இறுகிவிடுகிறது. வட்டு தாமதமாகக் கழன்று தரையில் உருள்கிறது. சென்ற வாரம் முதல் இரண்டு விரல் பயிற்சியை 20 மீட்டரில், அன்ஹைசர் கோணத்தில், மீண்டும் முதலிலிருந்து தொடங்கியிருக்கிறேன். நேற்று எறிந்த நாற்பதில் ஒன்பது ஆடாமல் போயின.